செவ்வாயில் தெரிந்த ஆப்பு

சேசு மரி சூசை துணை

குரூஸ்புரம், தூத்துக்குடி
14-8-1971

அன்புள்ள வளன் அவர்களுக்கு,

பிளாரன்ஸ் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். சென்னையில் உங்கள் நலமும் மணப்பாட்டில் மாமியின் நலமும் அறிய ஆவல். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு நான் எழுதும் முதல் நீளமான கடிதம் இது. கல்யாணம் பேசி முடித்த பெண், மாப்பிள்ளைக்கு எழுதும்போது பல்லி எச்சத்தைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மில் துரையின் பங்களா ஏலத்தில் நான் எடுத்த மூன்று அங்குலத் தொலைநோக்கியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். மழைக்காலம் முழுக்க உள்ளே ஒரு பல்லி குடித்தனம் நடத்தியிருக்கிறது. எச்சம், முட்டை ஓடு, செத்த பாச்சையின் கால்கள். முன் கண்ணாடியில் உப்புக் காற்று எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்து முடித்தபோது என் கை எனக்கே நாறியது. மாடிக்குத் தூக்கிப் போனால் பக்கத்து வளவில் காயும் சாளைக் கருவாடு. அது போதாதென்று புதுத் துறைமுகத்துக்குப் பாறை ஏற்றிப் போகும் லாரிகள் கிளப்புகிற புழுதி. இந்த ஊரில் மூச்சுவிடுவதே அருவருப்பாக இருக்கிறது, இதில் வானத்தை எங்கே பார்ப்பது?

இந்த ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வருகிறது, இனி பல வருஷம் இப்படி வராது என்று பத்திரிகைகள் எழுதின. முதல் வாரம் நான் பார்த்தது கிரகமே இல்லை. கொதிக்கிற ரசத்தில் ஒரு தக்காளித் துண்டு மிதப்பது போல இருந்தது. வெறுத்துப்போய்க் கீழே இறங்கிவிட்டேன். பிறகு கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பழகினேன். ஒரு கண்ணை இறுக்கி மூடாமல், இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் அசையாமல் பார்ப்பது. காற்று சட்டென்று அடங்குகிற ஓரிரு நொடிகள் வரும். அந்த நொடியில் தெரிவதை மட்டும் பிடித்துக்கொள்வது. நேற்று முன்தினம் அப்படி ஒரு நொடியில் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பனித் தொப்பி. நம் கருவி தலைகீழாகக் காட்டுவதால் அது தென்துருவம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

பகலிலும் கண்ணைப் பழக்குகிறேன். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் அம்மாவை லேசாகக் கரி பூசச் சொல்லி, மாடியின் அந்தக் கோடியில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து வரைவேன். பிறகு கிட்டே போய் ஒத்துப் பார்ப்பேன். "ஏளா, கல்யாணம் ஆகப்போற பொண்ணு தட்டுல கரி பூசச் சொல்லுத. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?" என்கிறாள் அம்மா. ஆனாலும் பூசித் தருகிறாள்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். இரவு ஒன்பதரைக்கு நீங்கள் அங்கே உங்கள் தொலைநோக்கியில், நான் இங்கே என்னுடையதில். கண்ணில் பட்டதை மட்டும் வரைய வேண்டும். உங்களிடம் இருக்கிற செவ்வாய் வரைபடத்தை வரைந்து முடிக்கும் வரை திறக்கக் கூடாது. என்னிடம் அது கிடையாது, வேண்டவும் வேண்டாம். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் சும்மா இருந்துவிடும், ஞாபகம்தான் பார்க்கும்.

உங்களுக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், இதை வைத்து எதிர்வீட்டைப் பார்ப்பீர்களோ என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் குமட்டுகிறது. நீங்கள் மட்டும்தான் "எத்தனை அங்குலம்?" என்று கேட்டீர்கள். முப்பத்திரண்டு வயதுவரை தலையாட்டாத நான் தலையாட்டியது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

இத்துடன் என் முதல் படம்.

அன்புடன்,
பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
22-8-1971

பிரியமுள்ள பிளாரன்சுக்கு,

பல்லி எச்சத்தில் தொடங்குகிற காதல் கடிதம் இந்த ராயபுரத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் வந்திருக்கும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் காசிலிங்கம், "என்ன சார், தனியாகச் சிரிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

உன் படத்தைப் பார்த்தேன். அதே இரவு நான் போட்ட படத்தைப் பக்கத்தில் வைத்தேன். உன்னுடையதில் பனித் தொப்பியும் அதன் கீழே ஒரு கறுத்த பட்டையும் இருக்கின்றன. என்னுடையதிலும் அதே. ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ இந்தியரிடம் நான் வாங்கியது நான்கு அங்குலம் ஆனதால் எனக்கு ஓரம் கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான். பிறகுதான் வரைபடத்தைத் திறந்தேன், சத்தியமாக. இருபதாம் தேதி படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் ஆப்பு மாதிரி ஒரு கறுப்பு இறங்குகிறது பார். உனக்கும் அன்று அது தெரிந்ததா?

வீட்டுச் செய்தி. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் இல்லையே, அதனால் அதற்கு முன் நவம்பர் 24 புதன்கிழமை என்று அம்மா பங்குச்சாமியாரிடம் பேசிவிட்டார்கள். நவம்பர் 7, 14, 21 மூன்று ஞாயிறும் பூசையில் நம் கல்யாண ஓலை வாசிப்பார்கள். 'இவர்கள் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கவும்' என்று கேட்கும்போது உன் கருவாட்டுக்காரர்கள் யாரும் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரே மாடியில் இரண்டு தொலைநோக்கி.

உன்,
வளன்


குரூஸ்புரம்
12-9-1971

அன்புள்ள வளன்,

'அவர்களுக்கு' என்பதை விட்டுவிட்டேன். இனி எதற்கு அது?

ஆப்பு எனக்கும் தெரிந்தது. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே என் படத்தைத் தபாலில் போட்டிருந்தேன், வந்து சேர்ந்திருக்கும். தேதியைப் பாருங்கள். நீங்கள் சொல்லி நான் பார்க்கவில்லை. எனக்கு அதில்தான் பெருமை.

அதன் பிறகு நாளுக்கு நாள் கூடுதலாகத் தெரிகிறது. முதலில் ஒரே பட்டை என்று நினைத்தது இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றின் விளிம்பு நேராக இல்லை, கிழிந்த துணி மாதிரி இருக்கிறது. கண்ணாடி அதேதான், கிரகம் சிறுத்துக்கொண்டுதான் வருகிறது. வளர்ந்தது என் கண் மட்டும்.

நான் படிக்கும்போது முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில், அப்பா ஏலத்தில் எடுத்த சிப்பியை வளவில் குவித்து அழுக விடுவார். நீங்களும் கடற்கரைப் பிள்ளைதானே, அந்த நாற்றம் தெரிந்திருக்கும். தெரு முழுக்க ஈ மொய்க்கும். சதை கரைந்து புழு நெளிகிற கூழாகும். அதை அலசி அலசி முத்துத் தேடுவது வீட்டுப் பெண்களின் வேலை. முதல் நாள் நான் வாந்தி எடுத்தேன். அன்று எல்லாமே ஒரே சேறு. போகப்போக மணல் வேறு, ஓட்டுத் தூள் வேறு, முத்து வேறு என்று கண் தானாகப் பிரித்தது. அம்மாவுக்கு என் கண்ணில்தான் நம்பிக்கை, அவள் அலசி முடித்ததையும் என்னிடம் ஒருமுறை காட்டுவாள். இன்றைக்கும் சிப்பியை நினைத்தால் எனக்கு அருவருப்புதான். ஆனால் அந்தக் கண் அங்கே வந்ததுதான்.

செவ்வாய் தன்னைச் சுற்றிக்கொள்ள நம்மைவிட அரை மணிக்கு மேல் கூடுதலாக எடுக்கிறது. அதனால் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் ஐந்து வாரத்துக்கு ஒருமுறைதான் அதே முகம் திரும்பும். என் கணக்கில் இம்மாதக் கடைசியில் ஆப்பு மறுபடி வர வேண்டும். காத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு இசக்கித்தாய் அக்கா, "வேதக்காரங்களுக்குச் செவ்வாய் தோசம் கிடையாதுன்னு பாத்தா, நீ அதைத் தேடிப் போயி வாங்குதியேளா" என்கிறாள். அம்மா சிரிக்கவில்லை.

அன்புடன்,
பிளாரன்ஸ்


குரூஸ்புரம்
8-10-1971

அன்புள்ள வளன்,

மனது சரியில்லை. ஆப்பு வரவில்லை.

செப்டம்பர் கடைசியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. முதல் இரண்டு நாள் காற்றின் மேல் பழி போட்டேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு லாரிப் புழுதியைத் திட்டினேன். இப்போது செவ்வாய் ஏழரைக்கெல்லாம் உயரத்தில் நிற்கிறது, பார்ப்பதற்கு இதைவிட வசதி கிடையாது. நேற்று காற்று அசையவே இல்லை, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஊசி முனையாக நின்றது. ஆனால் செவ்வாய் மட்டும் வெறும் மஞ்சள் வட்டம். பட்டை இல்லை, ஆப்பு இல்லை. வெள்ளைத் தொப்பிகூட இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். சீழ் பிடித்த கண்ணைப் பார்ப்பது போல இருந்தது.

ஒரு வாரமாக வெறும் வட்டமாகப் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்ப வெட்கமாக இருக்கிறது. அங்கே உங்களுக்கு எப்படித் தெரிகிறது? உடனே எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் எனக்குச் சோறு இறங்காது.

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
13-10-1971

பிரியமுள்ள பிளாரன்சுக்கு,

எதற்கு இவ்வளவு பதற்றம்? இங்கே நன்றாகத் தெரிகிறது. 9, 10, 11 தேதிப் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பட்டையும் நடுவில் இடைவெளியும் எவ்வளவு தெளிவு, பார். ஒருவேளை மூன்று அங்குலத்துக்கு இதற்கு மேல் முடியாதோ என்னவோ. கிரகம் விலகிப் போகிறது அல்லவா?

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. நீ பகலெல்லாம் தட்டைப் பார்க்கிறாய், ராத்திரி பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் திருத்துகிறாய். கண்ணை இவ்வளவு வருத்தினால் அது என்ன செய்யும்? பாளையங்கோட்டையில் ஒரு நல்ல கண் டாக்டரைப் பார். அதுவரை தொலைநோக்கியைத் தொடாதே. அம்மாவுக்கு எழுதும்போது இதையும் ஒரு வரி எழுதியிருக்கிறேன், உனக்காகச் செபமாலை சொல்லுவார்கள்.

உன்,
வளன்


குரூஸ்புரம்
24-10-1971

அன்புள்ள வளன்,

டாக்டரைப் பார்த்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, தாடையைப் பிடித்துத் திருப்பி, மீன் செவுளைப் பார்க்கிற மாதிரி இமையைப் பிதுக்கிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். மருந்தின் வேகம் அடங்கும் வரை கரும்பலகை தெரியாமல் வகுப்பில் தடவிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தட்டைக் கொடுத்தேன். வழக்கத்தைவிட லேசாகப் பூசச் சொன்னேன். அவள் கரி பூசியதையெல்லாம் வரைந்தேன். அவள் பூசாத ஒன்றையும் வரைந்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் விளிம்பில் அவள் பெருவிரல் ரேகை. இந்தக் கண்ணுக்கா கோளாறு?

இதற்கு மேல் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு உங்கள் அம்மா செபமாலை சொல்லவில்லை. உங்கள் சித்தியைக் கூட்டிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு ஊசியையும் நூலையும் எடுத்து என்னிடம் நீட்டினார்கள். "கோருளா, பாப்போம்" என்றார்கள். நான் புரியாமல் நின்றேன். "கண்ணுல படலம் விழுந்திருக்குன்னு கேள்விப்பட்டோம். இன்னைக்கு உனக்கு, நாளைக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கும் வராதா? ஓலை வாசிக்கதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிக்கிடணும்லா" என்றார்கள் உங்கள் சித்தி. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் நூலைக் கோர்த்தேன். ஒரே தடவையில் கோர்த்தேன். அம்மா உள்ளே போய் அழுதாள்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் எனக்கு ஒரு பதில் வேண்டும். டாக்டர் சரி, தட்டு சரி, ஊசி சரி. உங்கள் படங்களும் சரி. அப்படியென்றால் எனக்கு ஏன் தெரியவில்லை? எது பொய்?

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
30-10-1971

பிரியமுள்ள பிளாரன்சுக்கு,

அம்மா செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். பழைய காலத்து மனுஷி, மனதில் வைத்துக்கொள்ளாதே.

எதுவும் பொய் இல்லை. டாக்டர் கண்ணைத்தான் பார்ப்பார், பார்வையைப் பார்க்க முடியாது. நீ ஒன்றும் தெரியாது என்ற பயத்தோடு உட்காருகிறாய், அதனால் தெரியவில்லை. நான் சொல்வதைச் செய். நவம்பர் முதல் வாரம் ஆப்பு மறுபடி வரும். அன்றைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதை நன்றாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு மாடிக்குப் போ. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் கண் தானாகப் போய் நிற்கும். நம் ஒப்பந்தத்தை ஒரு நாள் மீறினால் குற்றமில்லை.

அப்படியும் தெரியாவிட்டால் விட்டுவிடு. உன் கருவியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம், சென்னை வரை சுமப்பானேன்? இனி இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
வளன்


குரூஸ்புரம்
6-11-1971

அன்புள்ள வளன்,

தெரிந்துவிட்டது.

மழைக்கு நடுவே வியாழக்கிழமை வானம் வெளுத்தது. நீங்கள் சொன்னபடி உங்கள் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனேன். முதலில் அதே மஞ்சள் வட்டம்தான். பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு, எப்படி எழுத, நடுவில் லேசாக நிழல் தட்டியது. அந்த நிழல் கீழே இறங்கிக் கூர்மையானது. ஆப்பு. நீங்கள் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. உடனே வரைந்தேன். இத்துடன் இருக்கிறது.

கோளாறு என்னிடம்தான் இருந்திருக்கிறது. உங்களைச் சந்தேகப்பட்டு 'எது பொய்' என்று எழுதிய கையில் அடிக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன், நிம்மதியாகச் சாப்பிட்டாள். நாளை முதல் ஓலை. எனக்கு நீலப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள்,
பிளாரன்ஸ்


குரூஸ்புரம்
16-11-1971

வளன் அவர்களுக்கு,

இரண்டாம் ஓலையும் முந்தாநாள் வாசித்துவிட்டார்கள். யாரும் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை.

இன்று பள்ளிக்கூடத்தில் பேப்பர் பார்த்தேன். அமெரிக்காக்காரர்கள் அனுப்பிய விண்கலம் செவ்வாயைச் சேர்ந்து அதைச் சுற்றுகிறதாம். படம் எடுத்தால் ஒன்றும் விழவில்லையாம். செப்டம்பர் நாலாம் வாரம் அங்கே ஒரு புழுதிப் புயல் கிளம்பியதாம். சில நாட்களில் கிரகம் முழுவதையும் மூடிவிட்டதாம், இன்னும் அடங்கவில்லையாம். பூமியில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர்களுக்கும் அக்டோபர் முதல் வெறும் மஞ்சள் வட்டம்தான் தெரிகிறதாம்.

நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். ஆசிரியைகள் அறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அக்டோபர் 9, 10, 11 தேதிகளில் உங்கள் மாடியிலிருந்து நீங்கள் பார்த்தது என்ன? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்புங்கள். மூன்றாம் ஓலை வரும் ஞாயிறு.

பிளாரன்ஸ்


சேசு மரி சூசை

ராயபுரம், சென்னை
18-11-1971

பிரியமுள்ள பிளாரன்சுக்கு,

உண்மையை எழுதுகிறேன். செப்டம்பர் பாதியிலேயே எனக்கு அலுத்துவிட்டது. ஆபீஸ் விட்டால் நண்பர்களோடு சீட்டு, பிறகு மழை. மாடி ஏறவில்லை. வரைபடத்தில் எந்த நாள் எந்த முகம் என்று கணக்குப் போடலாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்து வரைந்தேன். உன்னை ஏமாற்ற அல்ல. நீ ஆசையாகத் தபாலுக்குக் காத்திருப்பாயே என்றுதான். நீ ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் சின்னக் கருவிதான் காரணம் என்று உண்மையிலேயே நினைத்தேன். அங்கே புயல் அடிக்கும் என்று நான் கண்டேனா?

யோசித்துப் பார். எனக்குக் குடி இல்லை. வேறு பெண் இல்லை. எட்டாத தூரத்தில் இருக்கிற ஒரு கிரகத்தின் படம், அவ்வளவுதான். இதற்காகவா முகம் கொடுக்காமல் கடிதம் எழுதுவது? மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது.

இன்னொன்று. நவம்பரில் ஆப்பைப் பார்த்ததாக நீயும்தானே படம் அனுப்பினாய்? புயலுக்குள் அது உனக்கு எப்படித் தெரிந்தது? என்னைச் சந்தோஷப்படுத்த நீ ஒரு பொய் சொன்னாய், உன்னைச் சந்தோஷப்படுத்த நான் சில பொய் சொன்னேன். சரிக்குச் சரி. சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். 24-ஆம் தேதி கோயிலில் பார்ப்போம்.

உன்,
வளன்


குரூஸ்புரம்
20-11-1971

வளன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது.

சரிக்குச் சரி இல்லை. நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அருவருப்பே அதுதான். அன்றைக்கு நான் ஆப்பைப் பார்த்தேன். இல்லாத ஒன்று என் கண்ணுக்குத் தெரிந்தது, ஓரம் கூர்மையாகத் தெரிந்தது, நான் அதை வரைந்தேன். நீங்கள் சொல்லியிருந்தீர்கள், உங்களை எனக்குப் பிடித்திருந்தது, என்னைக் குருடி என்று உங்கள் வீட்டில் பேசியிருந்தார்கள், அந்த ஞாயிறு ஓலை வாசிக்கப் போகிறார்கள். இவ்வளவும் சேர்ந்து என் கண்ணுக்குள் உட்கார்ந்து அந்த ஆப்பைப் போட்டன. அழுகின சிப்பிக் கூழில்கூட இல்லாத முத்தை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அந்தப் படத்தை நினைத்தால் என் விரல்களையே கழுவிக்கொண்டிருக்கத் தோன்றுகிறது. என்னிடமிருந்து உங்களுக்கு வந்த பொய்ப்படம் அது ஒன்றுதான். எரித்துவிடுங்கள்.

'அலுத்துவிட்டது பிளாரன்ஸ், சீட்டாடப் போகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். பிறகு சிரித்திருப்பேன். வரைபடத்தைப் பார்த்து வரைந்ததைக்கூட, கேட்டதும் ஒப்புக்கொண்டிருந்தால் பொறுத்திருப்பேன். நான் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியபோது, உலகத்தில் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் மாடிப்பக்கமே போகவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என்னை டாக்டரிடம் அனுப்பினீர்கள். உங்கள் அம்மாவை ஊசியோடு அனுப்பினீர்கள். கருவியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடு என்றீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே பார்ப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் படம் நிற்பதற்கு என் கண் போக வேண்டியிருந்தது, அதைத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தயக்கம் வரவில்லை.

கல்யாணமான பிறகு செவ்வாய் மட்டும்தானா பார்க்க இருக்கும்? வீட்டில் நடப்பதை, பிள்ளையின் முகத்தை, உங்கள் முகத்தை நான் பார்ப்பேன். பார்த்ததைச் சொல்வேன். நீங்கள் இல்லை என்பீர்கள். பிறகு எனக்கே அது இல்லாமல் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தைவிடக் குமட்டல்தான் அதிகம்.

இன்று காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் போனேன். விக்கினம் ஒன்று உண்டு, அறிவிக்க வந்திருக்கிறேன் என்றேன். "என்ன விக்கினம் மகளே? ரத்த உறவா? வேற யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கியா?" என்றார். "இல்லை சாமி. அவிய சொன்னா நான் இல்லாததைப் பாக்குதேன்" என்றேன். "அது விக்கினக் கணக்குல வராதேம்மா" என்றார். "அப்போ பொண்ணுக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதிக்கிடுங்க" என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டார். மூன்றாம் ஓலை நாளை வாசிக்கப்பட மாட்டாது. உங்கள் அம்மாவுக்குச் சாமியாரே ஆள் அனுப்பிச் சொல்வதாகச் சொன்னார்.

என் அம்மா மத்தியானம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, "உன் கண்ணு நல்ல கண்ணுதான்ளா, எனக்குத் தெரியும். ஆனா நாலு பேருக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். அடுப்பு பற்றவைத்து இருவருக்கும் கஞ்சி வைத்தேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

சற்றுமுன் மாடியில் இருந்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன். ஆப்பு வரப் பார்த்தது. வரவில்லை. வட்டத்தைப் போட்டு, உள்ளே ஒன்றும் வரையாமல், கீழே தேதியும் நேரமும் எழுதி, 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ச. பிளாரன்ஸ்